கட்டி முடித்த கடனுக்கு இன்னும் எத்தனை காலம் நான் கடன்காரி?

கடன் வாங்கினேன், கட்டினேன். இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த ஜொகூரில் கடன் இல்லாத வீடு எது? மோட்டாருக்குக் கடன், பிள்ளை படிப்புக்குக் கடன், தலைக்கு மேலே ஒரு கூரைக்குக் கடன். வாங்கினவளும் நான்தான், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் திருப்பிக் கொடுத்தவளும் நான்தான். பேங்க்காரர்களே, பணம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் என் பெயர் பாக்கி வைத்தவர்கள் வரிசையில் நிற்கிறது. ஏன்? இதைக் கேட்காத இடமில்லை. பதில் சொல்ல ஆளில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நெஞ்சே வெடித்துவிடும்போல் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாசீர் கூடாங் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிறவள். குடியிருப்பது மாசாயில், வாடகை பிளாட். 2018-இல் மகன் தனியார் கல்லூரியில் டிப்ளோமா சேர்ந்தபோது, என் சம்பளச் சீட்டைக் காட்டி ஒரு பேங்கில் 20,000 வெள்ளி லோன் எடுத்தோம். எந்த பேங்க் என்று எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரைக் கிளப்பினால் பாலத்து நெரிசலில் நின்று, கைரேகை வைத்து, அந்தப் பக்கம் போய் ஏழு மணிக்கு வேலையில் நிற்பார். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும்தான் அவருடைய வாழ்க்கை. அந்தச் சம்பளத்தில் மாசம் தவறாமல் லோன் கட்டினோம். ஒரு மாசம் பிந்தியதில்லை. அந்த நாளில் எங்களைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு கெட்ட எழுத்து கிடையாது.

2020 மார்ச் 16 ராத்திரி பிரதமர் முஹிடின் யாசின் டிவியில் வந்தார். 18-ஆம் தேதியிலிருந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, வெளிநாடு போக முடியாது என்றார். அன்று ராத்திரி ஜொகூரில் எத்தனை ஆயிரம் வீடுகளில் ஒரே பேச்சு! அந்தப் பக்கம் போய் இருந்துவிடுவதா, இந்தப் பக்கம் வீட்டோடு இருப்பதா? மறுநாள் பாலத்தில் துணிப்பையும் தலையணையுமாகப் போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரருக்கும் போகத்தான் மனசு. ஆனால் என் மாமியாருக்கு அப்போதே நடை தளர்ந்துவிட்டது. மருந்து கொடுக்க, கழிவறைக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். நான் கம்பெனியில் நின்றால் அவரை யார் பார்ப்பது? முதலில் அறிவித்தது இரண்டு வாரத்துக்குத்தானே என்று இவர் வீட்டில் தங்கினார். இரண்டு வாரம் இரண்டு வருஷமானது. பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை, பன்னிரண்டு வருஷம் பார்த்த வேலை.

அரசாங்கம் உதவவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2020 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாசத்துக்கு லோன் தவணையைத் தள்ளிவைத்தார்கள். மூச்சு விட முடிந்தது. அக்டோபரில் தவணை திரும்பி வந்தது, சிங்கப்பூர்ச் சம்பளம் திரும்பி வரவில்லை. என் கம்பெனியில் ஓ.டி. நின்றுபோனது. இவர் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார்: பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார், கட்டட வேலையில் சிமெண்டு மூட்டை தூக்கினார். முழுத் தவணை கட்ட முடியாத மாசத்தில் பாதி கட்டினோம். பாதியும் முடியாத மாசத்தில் நூறு வெள்ளி கட்டினோம். ஒன்றுமே கட்டாத மாசங்களும் வந்தன. 2021 நடுவில் மறுபடியும் தவணைத் தள்ளிவைப்பு அறிவித்தார்கள். விண்ணப்பம் போட்டேன். என் கணக்கு ஏற்கெனவே ரொம்பப் பின்தங்கிவிட்டது, சலுகைக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்கு உதவி இல்லை. இது என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பேங்க் என் கணக்கை ஒரு கடன் வசூல் நிறுவனத்திடம் கொடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் யாரும் பேசமாட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

பேசினவன் நம்ம தமிழ்ப் பிள்ளை. முதல் வார்த்தையே "அக்கா". எனக்கு அப்போது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, நம்ம ஆள், சொன்னால் புரிந்துகொள்வான் என்று. "அக்கா, நீங்க கட்டலைன்னா உங்களைத் திவாலாக்கிடுவாங்க. அண்ணன் திரும்ப சிங்கப்பூர் போகணும்ல? பாஸ்போர்ட்டை பிளாக் பண்ணிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் பாலத்தைத் தாண்ட முடியாது." எங்களைப் போன்ற ஜொகூர்க் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா? அந்தப் பாலம்தானே எங்களுக்குச் சோறு? நாங்கள் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோம்.

பிறகு தெரிந்துகொண்டேன், அவன் சொன்னது பொய். இந்த நாட்டில் ஒருவரைத் திவாலாக்க வேண்டுமானால் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். முன்பு 30,000 ஆக இருந்தது, 2017-இல் 50,000 ஆனது, கோவிட் காலத்தில் ஒரு லட்சமாக உயர்ந்தது, 2021 செப்டம்பரில் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். வட்டியெல்லாம் சேர்த்து என் பாக்கி 18,000. என்னைத் திவாலாக்க அவர்களுக்கு எந்த வழியும் இல்லை. பேங்க் பாக்கிக்காக மட்டும் இவரைப் பாலத்தில் மறிக்கவும் முடியாது, லோன் இவர் பெயரிலேயே இல்லை. நாள் முழுக்க இதே வேலையாக உட்கார்ந்து பேசுகிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் மிரட்டினான். வசூலுக்கு வெளியாள் வைத்தாலும் பொறுப்பு பேங்கினுடையதுதான், மிரட்டவோ தொல்லை கொடுக்கவோ கூடாது என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அந்த விதி எந்த அலமாரியில் இருந்தது? கம்பெனிக்குப் போன் போட்டு என் சூப்பர்வைசரிடம் பேசினபோது எங்கே போயிருந்தது? பக்கத்து வீட்டு அம்மாளிடம் "இவங்க கடன் கட்டாம ஓடி ஒளியறாங்களா?" என்று கேட்டபோது எங்கே போயிருந்தது?

ஒருநாள் வீட்டுக்கே வந்தார்கள். இரண்டு பேர். நான் ஷிப்டில் இருந்தேன், இவர் பார்சல் வேலையில் வெளியே. வீட்டில் அத்தை மட்டும். அவர் லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவர். தோட்டத்துக் கடையில் பற்று வைத்தால் சம்பள நாளில் முதல் காசு கடைக்காரனுக்குத்தான், மிச்சம்தான் வீட்டுக்கு. ஒருவரிடமும் ஐந்து காசு பாக்கி வைத்ததில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. அந்த மனுஷியிடம் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. நான் வந்து பார்த்தபோது கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதும் மூளியாக இருந்தன. தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். பல வருஷம் தோடு தொங்கின காது, ஓட்டை நீண்டு தோல் தளர்ந்து கிடந்தது. "கொடுத்தேம்மா, வாங்க மாட்டேன்னுட்டானுங்க. நீயே கொண்டுபோய்க் கட்டிடு. எம்மவனைத் திருடன்னு சொல்றானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மகனோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், தன் சோற்றுச் செலவில்தான் கடன் ஏறுகிறது என்று நினைத்தாரோ என்னவோ. 2022 பிப்ரவரியில் போய்விட்டார். வயசாகிவிட்டது, உடம்பு முடியவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் மகன் ஊரை ஏமாற்றினவன் என்ற நினைப்போடு அந்த உயிர் போனதே, அதற்கு யார் பதில் சொல்வது? 18,000 வெள்ளிக்கு ஒரு தாயின் கடைசி மூன்று மாசத்தையும் எடுத்துக்கொண்டீர்களே, அதை எந்தக் கணக்கில் வரவு வைத்தீர்கள்?

காரியம் முடிந்த கையோடு கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேஜிஸ்திரேட் கோர்ட் சம்மன். மலாயில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. வீட்டில் துக்கம் ஆறவில்லை. தேதி எது, எங்கே போய் நிற்க வேண்டும் என்று விசாரித்து முடிப்பதற்குள் நாங்கள் ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பே வந்துவிட்டது.

2022 ஏப்ரல் 1 வந்தது. அன்றுதான் பாலம் பழையபடி திறந்தது. அன்றுதான் இபிஎஃப்பிலிருந்து 10,000 வெள்ளி வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற சிறப்பு விண்ணப்பமும் தொடங்கியது. இரண்டும் ஒரே நாளில் வந்ததை நாங்கள் அத்தையின் ஆசீர்வாதம் என்று நினைத்தோம். முதுமைக்கு என்று பிடித்து வைத்த பணம், அதை எடுத்தால் பிற்காலத்தில் என்ன செய்வோம் என்று யோசிக்கவில்லை. கடனை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். போனில் மிரட்டின அந்தத் தம்பிக்கு நானே போன் செய்தேன். மொத்தமாகக் கட்டினால் 14,000-க்கு முடித்துக்கொள்வதாகச் சொன்னான். "ஃபுல் செட்டில்மென்ட் அக்கா. நீங்க கட்டுங்க, ஒரு மாசத்துல லெட்டர் வந்திடும், பேரு க்ளியர் ஆயிடும். இதுக்கு நான் பொறுப்பு." வாட்ஸ்அப்பிலும் அதை எழுதி அனுப்பினான். இபிஎஃப் பணம் 10,000. என் வளையல் நாலும் போயின. அப்படியும் குறைந்தது. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த அந்தத் தோடும் போனது.

கட்டினேன். பேங்கின் பணம் போடும் மெஷினில் கட்டுக் கட்டாக வைத்துக் கட்டினேன். மெஷின் துப்பின சீட்டுகளை மடித்துப் பூஜை அறையில் சாமி படத்துக்கு அடியில் வைத்தேன். அன்று ராத்திரி இவர் அத்தையின் படத்துக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் அழுதார். முடிந்தது என்று நினைத்தோம்.

என்ன முடிந்தது? கடிதம் வரவில்லை. அந்தத் தம்பி சில மாசம் "புரோசஸ்ல இருக்கு அக்கா" என்றான். பிறகு அந்த நம்பரே இல்லை. வேலையை விட்டுவிட்டானாம்.

போன வருஷம் மாநில அரசின் மலிவு வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு விழுந்தது. இருபத்தைந்து வருஷ வாடகை வாழ்க்கைக்குப் பிறகு ஒரு சொந்தச் சாவி. வீட்டு லோனுக்குப் போனோம். ஒரு பேங்க் இல்லை என்றது, இன்னொன்றும் இல்லை என்றது. மூன்றாவது இடத்தில் கவுண்டரில் இருந்த பெண், பாவம், நல்ல பிள்ளை, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டவில்லையே தவிர விஷயத்தைச் சொன்னாள். "உங்க பேர்ல பாக்கி காட்டுது. கோர்ட் கேஸும் இருக்கு."

அன்றுதான் முதன்முறையாக என் பெயரில் இருக்கிற அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். பேங்க் நெகாரா 2001-இலிருந்து நடத்திவருகிற சிசிஆர்ஐஎஸ். எல்லா பேங்கும் நம் லோன் கணக்கை மாசாமாசம் அதற்கு அனுப்புகின்றன. அதில் கடைசிப் பன்னிரண்டு மாசமும் கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு மாசத்துக்கும் ஓர் எண். ஒழுங்காகக் கட்டியவருக்கு அங்கே சைபர். ஒரு தவணை பாக்கி என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. என் வரிசையில் ஒரு சைபர்கூட இல்லை. பாக்கித் தொகை என்று 4,000 வெள்ளியும் வட்டியும் காட்டுகிறது. 14,000-க்கு முடிக்கிறோம் என்று தள்ளிக் கொடுத்தார்களே, அந்தத் தள்ளுபடியை யாரும் கணக்கில் எழுதவே இல்லை. அவர்கள் கணக்கில் நான் இன்னும் தவணை தவறிக்கொண்டே இருக்கிறேன். இன்னோர் அறிக்கை தனியார் நிறுவனத்துடையது, சிடிஓஎஸ். அதில் அந்த ஒருதலைத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. பணம் கட்டியாகிவிட்டது என்று அவர்களுக்கு யாரும் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை.

பேங்குக்குப் போனேன். கணக்கு ஏஜென்சியிடம் போய்விட்டது, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சிக்குப் போனேன். அந்த பேங்கோடு எங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பேங்கைக் கேளுங்கள் என்றார்கள். வக்கீல் ஆபீஸில் பைல் மூடியாகிவிட்டது, பேங்க் சொன்னால்தான் கடிதம் தருவோம் என்றார்கள். அறிக்கை நிறுவனத்தில் கேட்டால், பதிவு கொடுத்தவர் திருத்தினால்தான் நாங்கள் திருத்த முடியும், கடன் கொடுத்தவரிடமிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். மறுபடி பேங்க். கட்டியதற்கு ஆதாரம் கேட்டார்கள். சாமி படத்துக்கு அடியிலிருந்து சீட்டுகளை எடுத்தேன். வெள்ளைத் தாளாக இருந்தன. அந்த மெஷின் காகிதத்தில் எழுத்து நிற்காதாம், சூட்டில் மங்கிவிடுமாம். ஒரு சீட்டில் மட்டும் தேதியும் 3,000 என்ற எண்ணும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெரிந்தன. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். "இது தெளிவா இல்லையேம்மா" என்றார் அங்கே இருந்தவர்.

ஐயா, பணத்தை வாங்கியது உங்கள் மெஷின். சீட்டை அச்சடித்தது உங்கள் மெஷின். எந்த நாள், எந்த நிமிஷம், எத்தனை நோட்டு என்று உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். அதை நீங்கள் பார்க்கமாட்டீர்களா? மங்கிப்போன காகிதத்தை வைத்துக்கொண்டு நான்தான் நிரூபிக்க வேண்டுமா? என் பெயரை எழுதும்போது என்னிடம் ஆதாரம் கேட்டீர்களா? எழுத ஒரு நொடி போதும், எடுக்க மட்டும் ஆயிரம் கடிதமா?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: நாங்கள் யாரையும் கறுப்புப் பட்டியலில் வைப்பதில்லை. பேங்க் நெகாராவும் அப்படித்தான் சொல்கிறது, அறிக்கை நிறுவனங்களும் அப்படித்தான் சொல்கின்றன. தகவலை மட்டுமே தருகிறோம், லோன் கொடுப்பதும் கொடுக்காததும் பேங்கின் முடிவு என்கிறார்கள். பேங்கைக் கேட்டால் அறிக்கையில் அப்படி வந்திருக்கிறது, நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள். அப்படியானால் என்னைத் தள்ளி வைத்தது யார்? மூன்று பேரும் கையை விரிக்கிறீர்கள், என் பெயர் மட்டும் நடுவில் கிடந்து நாறுகிறதே!

சட்டம் இல்லாமலில்லை. 2010-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமை இருக்கிறது. 2006-இலிருந்து ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது, ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு, காசு வாங்காமல் உட்காரவைத்துக் கணக்குப் பார்த்து, பேங்கோடு பேசித் தவணையைக் குறைத்துத் தருவார்கள். இவையெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? எல்லாம் போன பிறகு. வேலைக்கு எத்தனை தடவை போன் போட்டார்கள், வீட்டுக்கு எத்தனை கடிதம் அனுப்பினார்கள்! அதில் ஒன்றிலாவது, ஒரே ஒரு போனிலாவது, "அக்கா, இப்படி ஓர் இடம் இருக்கு, அங்க போய்ப் பாருங்க" என்று அந்தத் தம்பி சொன்னானா? சொல்லியிருந்தால் அத்தையின் காது மூளியாகியிருக்காதே.

இது எனக்கு மட்டும் நடந்திருந்தால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். எங்கள் பிளாட்டிலேயே இன்னொரு பெண், கணவன் இல்லாதவள், கேன்டீனில் வேலை. என்றோ நிறுத்திய கைத்தொலைபேசி லைனில் சில நூறு வெள்ளி பாக்கியாம். பேங்க் கடன்கூட இல்லை. அதுவும் தனியார் அறிக்கையில் ஏறியிருக்கிறது. மகனுக்கு மோட்டார் வாங்கப் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்தப் பாக்கியை யாரோ ஒரு வசூல்காரன் கேட்கிறான். "முழுசா வேணாம் அக்கா, அம்பது வெள்ளி மட்டும் போடுங்க, நல்ல எண்ணம்னு காட்டுங்க" என்கிறானாம். கோர்ட்டுக்குப் போகாத இந்த மாதிரிக் கடனுக்கு 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் ஆறு வருஷம் கெடு. ஆனால் நடுவில் கொஞ்சம் பணம் கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், அந்த ஆறு வருஷம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த ஐம்பது வெள்ளி எதற்கென்று அவளுக்குத் தெரியுமா? நல்ல எண்ணத்தைக் காட்டச் சொல்லிக் கழுத்தில் கயிறு மாட்டுகிறவனுக்கு எந்த எண்ணம் இருக்கிறது?

எங்கள் இந்த நிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டு வேறொரு கூட்டமும் வருகிறது. விளக்குக் கம்பத்தில் ஒட்டுகிறார்கள், பேஸ்புக்கில் போடுகிறார்கள்: உங்கள் பெயரை க்ளியர் செய்து தருகிறோம், ஒரே வாரம். ஒருவன் என்னிடம் 1,500 வெள்ளி கேட்டான். பேங்க் நெகாரா பதிவைக் காசு வாங்கிக்கொண்டு அழிக்க வெளியாள் எவனாலும் முடியாது, நம்பாதீர்கள் என்று பேங்க் நெகாராவே எச்சரித்திருக்கிறது. ஆனால் நேர்வழியில் போனவளுக்குக் கதவு திறக்கவில்லை என்றால், அடுத்தவள் இவனிடம்தானே போவாள்? பேங்கில் லோன் கிடைக்காதவன் ஆலோங் என்கிற வட்டி முதலையிடம்தானே போவான்? வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றி, கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த வீடுகளின் படத்தைப் பேப்பரில் பார்த்து "எதுக்குப் போய் ஆலோங்கிட்ட வாங்கினான்?" என்று கேட்கிறோமே, அவன் முதலில் எந்தக் கதவைத் தட்டினான் என்று யாராவது கேட்டோமா?

தப்பைத் திருத்தக் கெடு வைத்த நாடும் உண்டு. இந்தியாவில் 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கடன் அறிக்கையில் தப்பு இருக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தால் முப்பது நாளில் தீர்த்துவைக்க வேண்டும். தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார் கொடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். 2024-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நூறு ரூபாய் பெரிய பணமில்லை. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு என்று அங்கே ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு நாள் பிந்தினால் எனக்கு வட்டி போட்டீர்கள், அபராதம் போட்டீர்கள். நீங்கள் வருஷக்கணக்கில் பிந்துகிறீர்கள். உங்களுக்கு யார் வட்டி போடுவது?

இங்கேயும் 2025 ஜூலையில் மக்களவையில் நுகர்வோர் கடன் மசோதா நிறைவேறியது. கடன் வசூல் நிறுவனங்களையும் உரிமத்துக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்துகிற மசோதா அது. நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் அதற்கு முன்பு எங்கள் கதவைத் தட்டினவர்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள்? அந்த இரண்டு பேரும் யார், எந்த அதிகாரத்தில் ஒரு கிழவியிடம் போய் உன் மகன் திருடன் என்றார்கள் என்று நான் யாரிடம் கேட்பேன்? இதற்கான விதிகளை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வசூலிக்க எத்தனை மணிக்கு வரலாம், எப்படிப் பேசலாம் என்று எழுதுகிறீர்கள். வசூலான பிறகு எத்தனை நாளில் கணக்கை முடித்து, கடிதம் கொடுத்து, எல்லா இடத்திலும் பெயரை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எடுக்காவிட்டால் என்ன தண்டனை என்றும் எழுதுங்கள்.

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் பேசுகிற பிள்ளைகளை ஏன் அந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? எங்கள் பயம் எது, எங்கள் மானம் எது, எந்தச் சொல்லைச் சொன்னால் நாங்கள் உடைந்துபோவோம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான். வயிற்றுப்பாட்டுக்குத்தான் நீயும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாய், தம்பி, எனக்குப் புரிகிறது. கமிஷன் கிடைத்திருக்கும், உன் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் "நான் பொறுப்பு" என்றாயே? என்னை அக்கா என்றாயே? வேலையை விட்டுப் போகும்போது அடுத்த மேசையில் இருந்தவனிடம் "இந்த அம்மா கட்டிட்டாங்க, லெட்டர் மட்டும் பாக்கி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என் வீட்டுக்காரர் இப்போது மறுபடியும் சிங்கப்பூர் போகிறார், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். லோன் விஷயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவரை நான் பார்த்திருக்கிறேன், லோன் இல்லை என்று மூன்றாவது பேங்கிலும் சொன்ன அன்று, வெளியே வந்து மோட்டாரில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார். டிப்ளோமா முடித்த மகன், "அம்மா, என் படிப்புக்கு வாங்கினதாலதானே இவ்வளவும்?" என்று ஒருநாள் கேட்டான். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளை வாயிலிருந்து வரலாமா? படித்தது குற்றமா? தாயைப் பார்த்துக்கொண்டது குற்றமா? வாங்கின கடனைத் தோட்டை விற்றுத் திருப்பிக் கொடுத்தது குற்றமா?

எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். தள்ளுபடியும் வேண்டாம். அந்தத் தம்பி அனுப்பின வாட்ஸ்அப் செய்தி என் கைத்தொலைபேசியில் பத்திரமாக இருக்கிறது. 14,000 கட்டினால் முழுசாக முடிந்தது என்று உங்கள் ஏஜென்சி எழுதிக் கொடுத்த வார்த்தை அது. என் லோன் கணக்கைத் திறந்து 2022 மே மாசத்தைப் பாருங்கள், வந்த பணம் வரிசையாக இருக்கும். கணக்கு முடிந்தது என்று பேங்கிலிருந்து ஒரு கடிதம், தீர்ப்புத் தொகை தீர்ந்தது என்று வக்கீலிடமிருந்து ஒரு கடிதம், சிசிஆர்ஐஎஸுக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய திருத்தம். இவ்வளவுதான் நான் கேட்பது. வீட்டுக்கு டெவலப்பர் கொடுத்திருக்கும் கெடு இந்த மாசக் கடைசி. அதற்குள் லோன் கடிதம் காட்டாவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். என் விலாசம் தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் சம்மன் ஒட்டின அதே கதவுக்குப் பின்னால்தான் இன்னும் குடியிருக்கிறேன். வந்து கொடுங்கள்.